36 சதவீதமா, நூற்றில் ஒருவரா?

கொலஸ்ட்ரால் மாத்திரை மாரடைப்பை 36 சதவீதம் குறைக்கும் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல். அம்மாப்பேட்டையில் இருக்கும் பெரியப்பா கேட்டார், "ஏப்பா, நூறு பேரு சாப்பிட்டா முப்பத்தாறு பேரு தப்பிச்சுக்குவாங்கன்னுதானே அர்த்தம்?" இல்லை. ஆனால் எழுதியிருக்கிற விதம் அப்படித்தான் நினைக்க வைக்கும்.

அந்த 36, 2003-இல் வெளிவந்த அஸ்காட் ஆய்வில் கிடைத்தது. பிரஷர் உள்ள, ஆனால் அதுவரை மாரடைப்பு வராத பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் பாதிப்பேருக்கு அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம், மீதிப்பேருக்கு டம்மி மாத்திரை. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல் பார்த்ததில் டம்மி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 1.9. டம்மி பக்கத்து 3-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததால் 36 சதவீதம்; இப்படி ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் சார்புக் கணக்கு. வெறுமனே கழித்தால் 1.1. இரண்டுமே பொய்யில்லை. விளம்பரத்துக்கு எது வசதி என்பது வேறு.

அப்புறம் 1994-இன் 4எஸ் ஆய்வைப் பாருங்கள். ஏற்கெனவே இதயநோய் உள்ள 4,444 பேர், மருந்து சிம்வாஸ்டாடின், ஐந்து வருடத்துக்கு மேல். இறந்தவர்கள் டம்மி பக்கம் 11.5 சதவீதம், மருந்து பக்கம் 8.2. சார்புக் கணக்கில் 30 சதவீதம்தான், அதாவது 36-ஐவிடக் குறைவு! கழித்தால் 3.3. ஒன்றில் எண்ணியது முக்கியமாக மாரடைப்பு, இன்னொன்றில் சாவு, வருடங்களும் வேறு, அதனால் நேருக்கு நேர் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஸ்டென்ட் வைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் பெரியப்பாவுக்கும் பலன் ஒன்றில்லை என்பதைச் சதவீதம் மறைத்துவிடுகிறது. ஆடித் தள்ளுபடி போர்டில் 50 சதவீதம் என்று மட்டும் போட்டு விலையை மறைக்கிற கதை.

மூன்றாவது வழி, 1988-இல் வந்த என்.என்.டி.: ஒருவர் தப்பிக்க எத்தனை பேர் சாப்பிட வேண்டும்? முதல் ஆய்வில் சுமார் 90, இரண்டாவதில் 30. சட்டென்று புரியும், ஆனால் எத்தனை வருடத்தில் என்று சொல்லாவிட்டால் பாதி எண்தான்.

என் ஓட்டு, கழிப்பதற்கு முந்தைய அந்த இரண்டு எண்களுக்கே, வருடத்தோடு சேர்த்து. பலனைச் சார்புச் சதவீதத்திலும் பக்கவிளைவை நேரடி எண்ணிலும் சொல்லும் கட்டுரை என்றால் இன்னும் உஷார்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஓ.பி. கூட்டத்தில் டாக்டரிடம் ஒரே கேள்விக்குத்தான் நேரம் என்றால், "என்னை மாதிரி நூறு பேருல, சாப்பிடாட்டி பத்து வருஷத்துல எத்தனை பேருக்கு வரும், சாப்பிட்டா எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள்.