மெத் எடுப்பவர்களுக்குப் பாலுறவுப் பாதுகாப்பு ஆலோசனை: எந்த முறை யாருக்கு?

மெத்தோ (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) கொக்கைனோ எடுத்துக்கொண்டு உறவில் ஈடுபடுகிறவர்களுக்கு எச்.ஐ.வி.யும் மற்ற பால்வினை நோய்களும் வராமல் இருக்க எப்படிப்பட்ட கவுன்சலிங் கொடுப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவில், குறிப்பாக சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும், நிறையச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே தன்பாலீர்ப்பு ஆண்கள் மத்தியில் மெத்தும் எச்.ஐ.வி.யும் கைகோத்துப் பரவியதுதான் காரணம். பரிசோதனையோடு சேர்த்துக் கொடுக்கும் சின்ன ஆலோசனை, ஒரே அமர்வில் முடிகிற எண்ண அலசல், ஊக்கமூட்டும் நேர்காணல், குழு அமர்வுகள், போதையை விட்டால் பரிசு தருகிற முறை என்று பல வழிகள் களத்தில் இருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வந்திருப்பவர் மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவரா, அது இல்லாமல் நாளே ஓடாத நிலைக்குப் போய்விட்டவரா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கவுன்சலிங் கொடுக்கிற இடத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

ஏன் மெத்துக்கென்று தனியாகப் பேச வேண்டும்? மெத் உள்ளே போனதும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் வெள்ளமாகக் கொட்டுகிறது, ஆசை ஏறுகிறது, தயக்கம் காணாமல் போகிறது, பசியும் தூக்கமும் மறந்து உறவு மணிக்கணக்கில் நீள்கிறது. உடம்பு வறண்டு உள்தோலில் சின்னச் சின்னக் கீறல் விழும், ஆணுறை கிழியும், இல்லையென்றால் அந்த நினைப்பே வராது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஆணுறை பற்றித் தெரியாமல் இல்லை. நம்மைவிட நன்றாகவே தெரியும். அதனால் தகவல் சொல்வதையே கவுன்சலிங் என்று நினைத்தால் அது தொடங்கும்போதே தோற்றுவிடும்.

சரி, பரிசோதனையோடு வருகிற ஆலோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை இருக்கும் அறையில் ரத்தம் எடுப்பதற்கு முன்னும் முடிவு வந்த பின்னும் ஆலோசகர் பேசுவாரே, அந்த வகை. இதற்கு வலுவான ஆதாரமாக இருந்தது 1998ல் வெளியான ரெஸ்பெக்ட் ஆய்வு. ஐந்து அமெரிக்க ஊர்களின் பால்வினை நோய் மருத்துவமனைகளில் 5,758 பேர், எல்லோரும் ஆண் பெண் உறவில் இருப்பவர்கள். அவரவர் நிலைமையைக் கேட்டு இரண்டு அமர்வு பேசியவர்களிடம், வெறும் தகவல் மட்டும் கேட்டவர்களைவிட ஆறு மாதத்தில் புதிய நோய்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. நல்ல முடிவுதான். ஆனால் 2013ல் வந்த அவேர் ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. ஒன்பது மருத்துவமனைகள், 5,012 பேர், விரைவுப் பரிசோதனையோடு கவுன்சலிங் பெற்றவர்களில் 12.3 சதவீதம் பேருக்கும், தகவல் மட்டும் பெற்றவர்களில் 11.1 சதவீதம் பேருக்கும் புதிதாக நோய் வந்தது. அதாவது கவுன்சலிங்கால் கூடுதல் பலன் இல்லை. பரிசோதனை அவசியம், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அதோடு ஒட்டவைத்த பொதுவான பேச்சு மட்டும் மெத் எடுப்பவருக்குப் போதும் என்று நான் நம்பவில்லை.

இதற்கு நேர் போட்டியாக சான் பிரான்சிஸ்கோவில் உருவானது தனிநபர் எண்ண அலசல் முறை. எனக்கு மிகவும் பிடித்த முறை இது, ஏனென்றால் இதில் ஆலோசகர் உபதேசமே செய்வதில்லை. வந்தவரிடம் சமீபத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்: பாதுகாப்பில்லாமல் நடந்த அந்த ஒரு இரவு. எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், யார் செய்தி அனுப்பியது, எப்போது எடுத்தீர்கள், ஆணுறை பையில் இருந்ததா, அதை எடுக்காமல் விட்ட நொடியில் மனதில் என்ன ஓடியது? மெதுவாக ஒவ்வொன்றாக வெளியே வரும். 'ஆள் பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தான்', 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி என்ன', 'அவனே கேட்கவில்லை, அப்போ ஒன்றும் இருக்காது'. அந்த நேரத்தில் நியாயமாகத் தெரிந்த இந்தச் சமாதானங்களை போதை இல்லாத ஒரு பகல் நேரத்தில் சத்தமாகச் சொல்லிக் கேட்கும்போது அவை அவருக்கே வேறு மாதிரி ஒலிக்கும். அப்புறம் கேள்வி ஒன்றுதான்: அடுத்த முறை இதே எண்ணம் வந்தால் என்ன செய்வீர்கள்? இதை நடத்த உளவியல் பட்டம்கூட வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற பரிசோதனை மைய ஊழியர்களே நடத்தலாம் என்பது பெரிய வசதி.

இதையே வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாகப் போதைப்பொருள் எடுக்கிற, எச்.ஐ.வி. இல்லாத ஆண்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி 326 பேரிடம் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பரிசோதனை மட்டும் செய்துகொண்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் போதைக்கு அடிமையாகாதவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பாதுகாப்பற்ற உறவு தெளிவாகக் குறைந்திருந்தது. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்று இதைவிடத் தெளிவாக ஓர் ஆய்வு சொல்ல முடியாது.

ஊக்கமூட்டும் நேர்காணலும் கிட்டத்தட்ட இதே ஆட்களுக்கானது. மாற்றத்துக்கான காரணத்தை வந்தவர் வாயாலேயே சொல்லவைப்பதுதான் இதன் உத்தி. நியூயார்க்கில் 18 முதல் 29 வயதுக்குட்பட்ட 143 இளைஞர்களிடம் நான்கு அமர்வுகள் நடத்தி, அதே அளவு நேரம் பாடம் மாதிரி தகவல் சொன்ன குழுவோடு ஒப்பிட்டார்கள். 2014ல் வந்த முடிவின்படி நேர்காணல் குழுவில் போதையும் குறைந்தது, ஆணுறை இல்லாத உறவும் குறைந்தது. ஓர் அமர்வா நான்கா என்று என்னைக் கேட்டால், இளைஞராக இருந்து, 'இதை விடணுமா வேண்டாமா' என்று இன்னும் ஊசலாடுகிறவர் என்றால் நான்கு அமர்வு. முடிவெடுத்துவிட்டு ஓரிரு இரவுகளில் மட்டும் தவறுகிறவர் என்றால் அந்த ஒரே அமர்வு போதும்.

குழு அமர்வுகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோவில் 1,686 ஆண்களை வைத்து நடந்த மிக்ஸ் என்ற பெரிய ஆய்வில், ஆறு குழு அமர்வுகளுக்குப் போனவர்களும் வெறும் வீடியோ பார்த்துப் பேசியவர்களும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். துணைக்கு நாலு பேர் கிடைப்பது நல்ல விஷயம், அதற்காகப் போகலாம்.

இப்போது பழக்கம் முற்றிப்போனவர்கள். இங்கேதான் ஆட்டமே மாறுகிறது. மூன்று நாள் தூங்காமல் இருக்கிற ஒருவரிடம் ஆணுறை பற்றிப் பேசுவதைவிட அந்த மூன்று நாளையே குறைப்பதுதான் பாலுறவுப் பாதுகாப்புக்கும் பெரிய உதவி. அதற்கு இருக்கும் நல்ல வழி பரிசு முறை. வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து சிறுநீர் கொடுக்க வேண்டும். மெத் இல்லையென்றால் அங்கேயே, அப்போதே, கூப்பனோ கிஃப்ட் கார்டோ கையில் கிடைக்கும். தொகை சின்னதாகத் தொடங்கி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், மெத் தெரிந்தால் மறுபடி ஆரம்பத் தொகைக்கே இறங்கும். திட்டும் கிடையாது, சொற்பொழிவும் கிடையாது. காசு கொடுத்து ஒழுக்கம் வாங்குவதா என்று இதைக் கேள்விப்படுகிற நிறையப் பேர் முகம் சுளிக்கிறார்கள். மெத் கொடுக்கிற இன்பம் உடனடியானது, அதை எதிர்க்க நிற்பதும் உடனடியாகக் கிடைக்கிற ஒன்றாக இருக்கட்டுமே. கலிபோர்னியா அரசு தன் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் இதைச் சேர்த்து, ஒருவருக்கு ஆண்டுக்கு 599 டாலர் வரை தருகிறது.

இந்த முறையைப் பேச்சு சிகிச்சையோடு மோதவிட்ட முக்கியமான ஆய்வு லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது, 2005ல் வெளியானது. மெத்துக்கு அடிமையான 162 தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள், 16 வாரம், நான்கு குழுக்கள்: வழக்கமான பேச்சு சிகிச்சை, பரிசு முறை, இரண்டும் சேர்ந்தது, அப்புறம் அவர்களுடைய வாழ்க்கைக்கே ஏற்றபடி மாற்றிய பேச்சு சிகிச்சை. மெத்தை நிறுத்தவைத்ததில் பரிசு முறைதான் முந்தியது. ஆனால் ஆபத்தான உறவை முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே மளமளவென்று குறைத்தது அந்த நான்காவது குழு. மெத் இல்லாத உறவு இனி எப்படி இருக்கும், மெத் இல்லாமல் என்னால் யாரையாவது நெருங்க முடியுமா என்கிற பயத்தை அங்கே வெளிப்படையாகப் பேச முடிந்தது. வழக்கமான போதை மறுவாழ்வு மையத்தில் இந்தக் கேள்வியை எழுப்பவே கூசுவார்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பரிசு முறைக்கும் எல்லை உண்டு. சியாட்டிலில் 127 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வேறு ஆலோசனை எதுவும் இல்லாமல் பரிசை மட்டும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2010ல் வந்த முடிவு: மெத்தும் குறையவில்லை, ஆபத்தான உறவும் குறையவில்லை. ஆக பரிசு ஆளை வரவைக்கும். வந்தவரோடு உட்கார்ந்து பேச யாராவது இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி.யோடு வாழும் 110 மெத் பயனாளிகளிடம் நடந்த ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பரிசு முறையோடு, நல்ல உணர்வுகளைக் கவனித்து வளர்க்கப் பழக்குகிற தனி அமர்வுகளையும் சேர்த்தபோது, 2019ல் வெளியான முடிவின்படி ரத்தத்தில் வைரஸ் அளவு குறைந்தது, அது ஒரு வருடம் தாண்டியும் நீடித்தது. வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உறவின் வழியாக எச்.ஐ.வி. மற்றவருக்குப் பரவாது. ஆணுறையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கிடைத்த பாதுகாப்பு இது.

மருந்துகளைக் கவுன்சலிங்குக்குப் போட்டியாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், 'பிரெப் இருக்கும்போது பேச்சு எதற்கு' என்று. பிரெப் என்பது எச்.ஐ.வி. வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து. தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையை, இன்று வெள்ளியா ஞாயிறா என்றே தெரியாமல் இருப்பவர் எப்படி விழுங்குவார்? அதைத் திட்டமிட ஒருவர் கூட இருக்க வேண்டும். இவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோ, 2025ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோதான் பொருத்தம் என்பேன். சிபிலிஸ், கிளமிடியா போன்றவற்றுக்கு, உறவு முடிந்து 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் நடந்த ஆய்வில் ஆண்களிடமும் திருநங்கையரிடமும் இந்த நோய்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் முதல் சந்திப்பில் அவர்கள் கேட்கிற கேள்விகளை வைத்தே எடைபோடலாம். என்ன எடுக்கிறீர்கள், எத்தனை நாள் தொடர்கிறது, தனியாகவா கூட்டத்திலா, ஊசியிலா, நீங்கள் சம்மதிக்காத எதுவும் நடந்ததா என்றெல்லாம் நிதானமாகக் கேட்டால் அங்கேயே இருங்கள். 'இதையெல்லாம் முதலில் விடுங்கள், அப்புறம் வாருங்கள்' என்றால் வேறு இடம் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் எச்.ஐ.வி. பற்றியும் 14446ல் போதைப் பழக்கம் பற்றியும் கேட்கலாம். இன்னொன்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: திங்கட்கிழமை காலையில் பயத்தோடு ஒருவர் போன் செய்தால் என்ன செய்வார்கள்? ஆபத்தான உறவுக்குப் பின் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் 28 நாள் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை இரவு நடந்ததற்கு செவ்வாய் இரவுதான் கடைசிக் கெடு. அவருக்கு வியாழக்கிழமை கவுன்சலிங் நேரம் ஒதுக்குகிற மையம் எந்த முறையைப் பின்பற்றினாலும் எனக்கு ஒன்றுதான்.