வரைவதைப் படிப்பதா, வரைந்ததை நடத்தப் படிப்பதா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "கலை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் இப்போது அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. படம் வரையவோ சிலை செய்யவோ கற்பது ஒன்று. வரைந்ததைச் சுவரில் ஏற்றி, விளக்கு போட்டு, ஆள் சேர்த்து, கணக்கு முடிக்கக் கற்பது இன்னொன்று. (உறவுக்காரர்களுக்கு இரண்டுமே "ஆர்ட்ஸ் குரூப்தானே, பி.ஏ. ஹிஸ்டரியா?" என்பது தனிக்கதை.)

முதல் வழிக்கு நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் தொடர்ச்சி. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வர். பி.எஃப்.ஏ. என்ற நுண்கலை இளங்கலைப் பட்டம் நான்கு வருடம். ஓவியம், சிற்பம், அச்சோவியம், செராமிக், டெக்ஸ்டைல், விஷுவல் கம்யூனிகேஷன் என்று பிரிவுகள். மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். சேர்ந்த பிறகு ரயில் நிலையம், மார்க்கெட், கோயில் வாசல் என்று எங்கே போனாலும் ஸ்கெட்ச் நோட்டும் கூடவே போகும். நூறு மோசமான படத்துக்குப் பிறகு கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் வீட்டைப் பதற வைக்காது.

அங்கே பொதுவாகப் போதாமல் இருப்பது வேறு. படத்துக்கு என்ன விலை வைப்பது, கேலரி பாதி கமிஷன் கேட்டால் என்ன பேசுவது என்று பெரும்பாலானவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். படத்தை விற்றாலும் அதன் காப்புரிமை தானாக வாங்கியவருக்குப் போய்விடாது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் அது மறுவிற்பனை ஆனால் ஓவியர் ஒரு பங்கு கேட்கலாம் என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு சொல்கிறது. வருடக்கணக்காக வரைந்துகொண்டிருக்கும் பலருக்கே இது செய்தியாக இருக்கிறது.

இரண்டாவது வழிக்குச் சிங்கப்பூரின் லாசால் கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டையே, அதாவது கலை நிர்வாகத்தையே, மூன்று வருட ஹானர்ஸ் பட்டமாகப் படிக்கலாம். நுண்கலை மாணவர்களும் அதே கல்லூரியில்தான். 2015இல் திறந்த நேஷனல் கேலரியும், பொங்கல் தெருவிளக்கு ஏற்றும் லிட்டில் இந்தியாவும் அதே ஊரில். படிப்பு என்பது பட்ஜெட், நிதி விண்ணப்பம், விளம்பரம், கலைக் கொள்கை, சட்டம். கேட்கச் சப்பென்று இருக்கும். ஒரு படம் ஊர் விட்டு ஊர் போகும்போதுதான் அதன் ருசி தெரியும். பெட்டியில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு கீறலையும் போட்டோவோடு எழுதும் கண்டிஷன் ரிப்போர்ட், இரவல் ஒப்பந்தம், காப்பீடு, கஸ்டம்ஸ், மறுமுனையில் பெட்டியைத் திறந்து அதே கீறலை மறுபடி எண்ணுவது. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் உட்பட ஒன்பது ஓவியர்களின் படங்களை விற்பதற்காக நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1972ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. அந்த ஒன்பது பெயரும் தெரியாத ஆள் ஓர் ஏல நிறுவனத்தில் ஒரு வாரம் தாங்க மாட்டார்.

செலவில் இரண்டும் பக்கத்தில் நிற்கவே முடியாது. வெளிநாட்டு மாணவருக்குச் சிங்கப்பூர் என்றால் லட்சங்களில் பேச்சு. வேலை என்று பார்த்தால் மேனேஜ்மென்ட் படித்தவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். அதுவும் அருங்காட்சியகங்களும் அரசு நிதியும் வலுவாக உள்ள ஊரில்தான். நம் ஊரில் அதே பட்டத்தை வைத்துக்கொண்டு தேடினால் கதவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பி.எஃப்.ஏ.காரருக்கு டிசைன், அனிமேஷன், சினிமா கலை இயக்கம், பள்ளி ஆசிரியர் வேலை என்று பக்கவாட்டுக் கதவுகள் நிறைய.

ஆனாலும் என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. கலைக்கு இடம் உண்டாக்கியவர்கள் பலரும் வரைந்தவர்களே. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த காசில்தான் 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியைத் தொடங்கிய போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் ஓவியர்கள். லாசாலை 1984இல் நிறுவிய பிரதர் ஜோசப் மெக்நாலி சிற்பி. ஓவியரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கண்காட்சிக்காக அலையும் ஆறு மாதத்தில் சொந்த கேன்வாஸ் தூசி படிந்து கிடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால் வரையும் கை இருக்கிற பிள்ளைக்கு என் யோசனை இதுதான்: பதினேழு வயதில் நேராக மேனேஜ்மென்ட்டுக்குப் போக வேண்டாம். முதலில் பி.எஃப்.ஏ., நிர்வாகத்தை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம். கையைப் பழக்க வயது முக்கியம். பட்ஜெட் போட முப்பதிலும் கற்கலாம். ஆனால் சிலரைப் பார்த்திருக்கிறேன்: கண்காட்சிக்குள் நுழைந்ததும் படத்தை விட்டுவிட்டு, பெயர்ச் சீட்டு கோணலாக இருப்பதையும் விளக்கு கண்ணாடியில் அடிப்பதையும் கவனிப்பார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தி நான்கு வருடம் வரைய வைப்பது வீண். பணம் இருந்தால் லாசால். இல்லையென்றால் இங்கேயே ஏதாவது ஓர் இளங்கலை, பிறகு பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியல். 1952இலிருந்து நடக்கும் துறை அது; நுண்கலைப் பீடத்திலேயே இருப்பதால் ஓவியர்களோடு டீ குடித்துக்கொண்டே படிக்கலாம்.