பிள்ளையின் போனுக்கு எந்தக் காவல்?

பிள்ளை கையில் போன் கொடுத்தாயிற்று. என்ன காவல் போடலாம் என்று தேடினால் நான்கு வழிகள் வந்து நிற்கும்: வைஃபையில் வடிகட்டுவது, போனிலேயே பூட்டுவது, தெரியாமல் உளவு பார்ப்பது, பேசி வைத்துக்கொள்வது. எது சிறந்தது என்பதைவிட எந்த ஆபத்துக்கு எது என்றுதான் பார்க்க வேண்டும். ஆபாசத் தளம் கண்ணில் படுவது வேறு. முன்பின் தெரியாத ஒருவர் விளையாட்டு சாட்டில் நட்பாகப் பேசிப் படம் கேட்பது வேறு.

சுலபமானது டிஎன்எஸ் வடிகட்டி. தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். வீட்டு வைஃபை ரவுட்டரில் கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்தின் 1.1.1.3 டிஎன்எஸ் முகவரியைப் போட்டால் (1.1.1.1 அல்ல, அது எதையும் வடிகட்டாது) வீட்டில் உள்ள டிவி, டேப்லெட், போன் எல்லாவற்றிலும் பெரும்பாலான ஆபாசத் தளங்கள் திறக்காது. செலவும் இல்லை. ஆனால் அதற்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே. யூடியூபில் எந்த வீடியோ ஓடுகிறது, இன்ஸ்டாகிராமில் யார் செய்தி அனுப்புகிறார் என்பதெல்லாம் தெரியாது. பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, வடிகட்டியைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலியைப் போட்டாலோ அதுவும் போச்சு.

போனிலேயே பூட்டுவதில் இரண்டு பேர் போட்டி. கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம். நேர வரம்பு, செயலிக்கு அனுமதி, இரவுப் பூட்டு எல்லாம் இரண்டிலும் உண்டு. பெற்றோரிடம் ஐபோன், பிள்ளையிடம் ஆண்ட்ராய்டு என்றால் ஃபேமிலி லிங்க் சரியாக வேலை செய்யும். தலைகீழாக இருந்தால் சிக்கல்: ஸ்கிரீன் டைமைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கப் பெற்றோரிடமும் ஆப்பிள் சாதனம் வேண்டும். ஆப்பிளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. செய்தியில் நிர்வாணப் படம் வந்தாலோ பிள்ளை அனுப்பப் போனாலோ போனே கண்டுபிடித்து மங்கலாக்கி எச்சரிக்கும். அந்தச் சோதனை போனுக்குள்ளேயே நடக்கிறது. ஸ்கிரீன் டைமை எடுத்தால் அதன் கடவுஎண்ணும் போனைத் திறக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டாம். பிள்ளைகள் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, உளவுச் செயலி. எல்லா செய்தியையும் காட்டும் என்று விளம்பரம் வரும். வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்ட்ராய்டில் இவற்றை நிறுவப் பெரும்பாலும், கெட்ட செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள். காவலுக்காகப் போனின் சொந்தக் காவலை எடுப்பது என்ன நியாயம்? படித்த செய்திகளெல்லாம் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேரும். எம்ஸ்பை என்ற செயலியின் தகவல்கள் 2018லும் 2024லும் கசிந்தன. அதைவிடப் பெரிய நஷ்டம், பிள்ளைக்கு ஒருநாள் தெரியவரும்போது. அப்புறம் இரண்டாவது போன், இரண்டாவது கணக்கு என்று போய்விடும்.

படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்கு எதிராக மேற்சொன்ன எதுவும் உறுதியாக நிற்காது. பயம்காட்டி, யாரிடமும் சொல்லாதே என்பதுதான் அவன் பிழைப்பு. அங்கே உதவுவது நான்காவது வழி மட்டுமே: என்ன நடந்தாலும் சொல், போனைப் பிடுங்க மாட்டேன் என்ற வாக்கு. அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பிள்ளை வந்து சொன்னால் பணம் கொடுக்கவேண்டாம், உரையாடலை அழிக்கவும் வேண்டாம், அதுவே சாட்சி. மிரட்டுகிறவனின் கணக்கை பிளாக் செய்து, போலீசில் புகார் கொடுங்கள். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் அமெரிக்காவின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்சிஎம்இசி நடத்தும் டேக் இட் டவுன் என்ற இலவச சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. படத்தின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண் மட்டும் போகும். அதைக் கொண்டு, இதில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

சின்னப் பிள்ளைக்கு முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். பதின்ம வயதில் பூட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, தளத்தின் சொந்த அமைப்புகளைப் பிள்ளையை வைத்துக்கொண்டே பாருங்கள். இன்ஸ்டாகிராம் பதின்ம வயதினருக்குத் தரும் டீன் கணக்கில் 16க்குக் கீழே உள்ளவர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லித் திறந்த கணக்கில் அது சரியாக வேலை செய்யாது, அதனால் பிறந்த தேதியை முதலில் சரிபாருங்கள்.