திறந்த களஞ்சியமா, தரவுச் சந்தையா?

வேளச்சேரி வெள்ளத்தை ஆராய மழைத் தரவும் போக்குவரத்துத் தரவும் வேண்டும். முதலாவது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறந்த களஞ்சியத்தில் கிடைக்கலாம்; மற்றதைப் பெரும்பாலும் தரவுச் சந்தையில் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

திறந்த தரவு இலவசம்தான், ஆனால் விளக்கக் குறிப்பைப் படிக்காவிட்டால் காலை வாரிவிடும். வானிலைத் துறையின் ஒருநாள் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. நள்ளிரவில் தேதி மாறும் போக்குவரத்துத் தரவோடு அப்படியே இணைத்தால், திங்கள் மாலை மழை செவ்வாய் நெரிசலோடு ஒட்டிக்கொள்ளும். மணிநேரத் தரவு கிடைத்தால் அதை எடுத்து நீங்களே கூட்டுங்கள்.

சந்தைத் தரவில் தலைவலி வேறு. 1962-இல் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ சுட்டிய சிக்கல் அது: பார்க்காமல் மதிப்பு தெரியாது, பார்த்துவிட்டால் வாங்கவே தேவையில்லை. ஒரு வார மாதிரியாவது கேளுங்கள். மறுவெளியீட்டுத் தடை இருந்தால் உங்கள் முடிவைப் பிறர் சரிபார்க்க முடியாது; ஆய்வுக்கு அது பெரிய இழப்பு. தொகுத்த எண்களை வெளியிடும் உரிமையைப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள்.