ஃபால்கனா, எண்டர்பிரைஸா? விண்கல மாடலுக்கு வண்ணம் பூச இரண்டு வழிகள்

விண்கல மாடல் ஒன்றை வாங்கி வண்ணம் பூசிப் பார்க்க ஆசைப்படுபவருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் ஸ்டார் வார்ஸின் மில்லேனியம் ஃபால்கனாகத்தான் இருக்கும். அது அழுக்குக் கப்பல், கை தவறினாலும் அழுக்கோடு அழுக்காகப் போய்விடும் என்பார்கள். ஸ்டார் டிரெக்கின் எண்டர்பிரைஸ் பக்கம் போகாதே, வெள்ளைக் கப்பல், ஒரு தூசி ஒட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. மீதிப் பாதி கிட்டை, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியை, பிரித்த பிறகுதான் தெரியவரும் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே எடுத்துக்கொள்வது பண்டாய் நிறுவனத்தின் 1/144 ஃபால்கனும் (கதைக் கப்பலின் 144இல் ஒரு பங்கு அளவு) போலார் லைட்ஸ் நிறுவனத்தின் 1/1000 எண்டர்பிரைஸும். எண்டர்பிரைஸ் என்றால் பழைய தொலைக்காட்சித் தொடரில் வந்தது இல்லை. 1979இல் வந்த முதல் திரைப்படத்துக்காகத் திருத்தி வடிவமைத்தது. மாடல்காரர்கள் 'ரீஃபிட்' என்று சொல்வது அதைத்தான். மேசையில் வைத்தால் ஃபால்கன் சுமார் 24 செ.மீ., எண்டர்பிரைஸ் சுமார் 30 செ.மீ. கதைப்படியோ ஃபால்கன் 35 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எண்டர்பிரைஸ் 305 மீட்டர். ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பொருள்களில் ஒன்று மற்றதைவிட ஒன்பது மடங்கு நீளம் என்று பார்ப்பவரை நம்பவைக்க வேண்டும். போர் விமானம் என்றால் சக்கரம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, பைலட் உட்கார்ந்திருக்கிறார். கண் தானாக அளவெடுத்துக்கொள்ளும். விண்கலத்தில் அந்த வேலையில் பெரும்பங்கு வண்ணத்தின் தலையில் விழுகிறது. இந்த இரண்டு கப்பல்களும் அதை நேரெதிர் வழிகளில் செய்கின்றன.

ஃபால்கனின் வழி குவிப்பது. 1977 படத்துக்காக, ஸ்டார் வார்ஸின் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான ஐஎல்எம்மின் கூடத்தில் ஏறக்குறைய ஐந்தடியில் செய்த மாடலின் மேல் டாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார் என்று கடைகளில் விற்ற கிட்களின் உதிரிகளை ஒட்டித் தள்ளினார்கள். அதற்கு மேல் புகைக் கறை, துரு, எண்ணெய் ஒழுகிய தடம், பெயிண்ட் உரிந்த பேனல்கள். கண் எங்கே போனாலும் சின்னதாக ஏதாவது ஒன்று தட்டுப்படும். இவ்வளவு சின்ன விஷயங்கள் இருந்தால் கப்பல் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு செய்துகொள்ளும். பண்டாய் அந்த உதிரிகளை எல்லாம் வார்ப்பிலேயே கொடுத்துவிடுவதால் உங்கள் பங்கு அழுக்கு மட்டும்தான்.

எண்டர்பிரைஸின் வழி ஒளிப்பது. எட்டடி நீளப் படப்பிடிப்பு மாடலுக்கு வண்ணம் பூசிய பால் ஓல்சன், முத்துப் பளபளப்புள்ள லாக்கர் பெயிண்ட்களை வெள்ளை உடலின் மேல் கட்டம் கட்டமாக, மெல்லிய அடுக்குகளாக ஏற்றினார். ஒரு கோணத்தில் பார்த்தால் வெறும் வெள்ளை. விளக்கு கொஞ்சம் நகர்ந்தால் நீலம், பச்சை, பொன் என்று சாயல்கள் எழுந்து, ஆயிரக்கணக்கான தகடுகள் சேர்ந்த உடல் தெரியும். பின்னிப் பிணைந்த அந்தக் கட்ட வடிவத்துக்கு 'அஸ்டெக்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இரண்டு உலகங்களும் ஒரு இடத்தில் மோதிக்கொண்டன. 1982இல் வந்த இரண்டாவது ஸ்டார் டிரெக் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலை ஐஎல்எம்முக்குப் போனது. ஓல்சனின் பளபளப்பு அவர்களுடைய நீலத்திரைப் படப்பிடிப்புக்கு (நீலத் திரைக்கு முன்னால் எடுத்து, பின்னணியைப் பிறகு சேர்ப்பது) ஒத்துவரவில்லை, நீலத்தை வாங்கித் திருப்பி அடித்தது. மங்கலாக்கும் ஸ்ப்ரேயை அடித்து அந்த மினுமினுப்பை அடக்கிவிட்டுத்தான் படமெடுத்தார்கள். ரசிகர்களுக்கு இன்றும் இது ஆறாத விஷயம். ஆனால் மாடல் செய்பவருக்கு இதில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் அடிப்பூச்சு. பண்டாய் கிட்களில் பாகங்கள் நிறத்தோடே வார்க்கப்பட்டிருக்கும், பசை இல்லாமல் அழுத்தினாலே பொருந்தும். அதனால் ஃபால்கனுக்குப் பெயிண்டே அடிக்காமல், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் மட்டும் கொடுத்து, வாஷ் (பள்ளங்களில் ஓடிப் படியும் நீர்த்த வண்ணம்) ஓட்டி முடித்துவிடும் ஒரு வழி இருக்கிறது. ஒரு வார இறுதிக்கு அது போதும், பார்க்கவும் மோசமாக இருக்காது. ஆனாலும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வெறும் பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும்; எவ்வளவு அழுக்கு ஏற்றினாலும் அந்த மெழுகுத்தன்மை பொம்மையை நினைவுபடுத்தும். மெல்லியதாக ஒரு பூச்சு போதும், உலோகக் கனம் வந்துவிடும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் சின்னக் கருவி) இல்லாதவர்கள் டமியாவின் ஏஎஸ்-20 ஸ்ப்ரே கேனைப் பார்க்கலாம். அமெரிக்கக் கடற்படை விமானங்களுக்கான வெள்ளை அது. லேசான சாம்பல் கலந்த அந்த நிறம் ஃபால்கனுக்கு அப்படியே பொருந்துகிறது என்று பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். தூய வெள்ளை மட்டும் வேண்டாம், மேலே ஏறும் அழுக்கு எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும்.

எண்டர்பிரைஸில் இந்தக் கேள்வியே கிடையாது. பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் இணைப்புகளில் புட்டி, தேய்ப்பு, ப்ரைமர், மறுபடி தேய்ப்பு. கப்பலின் முன்பக்க வட்டத் தட்டின் விளிம்பிலும் எஞ்சின் குழாய்களின் நீளத்திலும் ஒரு கோடு மிஞ்சினால் அதை மறைக்க அழுக்கு வராது. 'தப்பு தெரியாது' என்ற ஃபால்கன் வாதம் உண்மையில் இந்த ஒரு கட்டத்துக்குத்தான் பொருந்தும். தேய்க்கப் பொறுமை இல்லை என்றால் எண்டர்பிரைஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இதற்கு மாற்று வழி எதுவும் இல்லை.

பெயிண்ட் வகை என்று வந்தால், மிஸ்டர் கலர் மாதிரியான, தின்னரில் கரையும் லாக்கர் ஒரு பக்கம், வலேஹோ மாதிரியான தண்ணீர் அக்ரிலிக் ஒரு பக்கம். எண்டர்பிரைஸுக்கு லாக்கர்தான் என் தேர்வு. அஸ்டெக் போட வேண்டுமானால் டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் அக்ரிலிக் அடியில் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் டேப்போடு தோலாக உரிந்து வரும். தூசி விழுந்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்யவும் லாக்கர்தான் ஒத்துழைக்கும். ஆனால் வாசனை கடுமையானது. ஆவிகளை வடிகட்டும் ரெஸ்பிரேட்டர் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. சென்னை மாதிரி கடலோர ஊரில் மழை நாளில் அடித்தால் ஈரப்பதம் உள்ளே மாட்டி வெண்படலம் பூத்துவிடும். மெதுவாக உலரும் லெவலிங் தின்னர் கலந்தால் தொல்லை குறையும், ஆனாலும் வெயில் வரும்வரை காத்திருப்பதே மேல். ஃபால்கனுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். அதில் தண்ணீர் அக்ரிலிக்குக்கு ஒரு தனி ஆதாயமும் உண்டு. அடியில் ஹேர்ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் அக்ரிலிக் பூசி, உலர்ந்ததும் தண்ணீர் தொட்ட பிரஷால் தேய்த்தால் பெயிண்ட் இயல்பாகப் பெயர்ந்து வரும். லாக்கருக்கு அடியில் தண்ணீர் போகாது என்பதால் இந்த வித்தை அங்கே பலிக்காது.

ஃபால்கனின் அடர்சிவப்புப் பேனல்களுக்குப் பெட்டியிலேயே டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) இருக்கிறது. பெயிண்டா டெக்காலா என்றால் தயங்காமல் பெயிண்ட் என்பேன். அடிபட்டுத் தேய்ந்த கப்பலின் சிவப்பு சீராக இருக்கக் கூடாது. ஒரு பேனல் வெளுத்திருக்க வேண்டும், இன்னொன்று மூலையில் உரிந்திருக்க வேண்டும். டேப் ஒட்டி, ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி எடுத்தால் அது பத்து நிமிட வேலை.

எண்டர்பிரைஸில் என் பதில் தலைகீழாகிறது. பெயர், எண், சிவப்புக் கோடுகள் எல்லாம் டெக்கால்தான். பளபளப்பான பரப்பில் ஒட்டி, டெக்காலை இளக்கிப் படியவைக்கும் மார்க் சாஃப்டர் தடவி, மேலே கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) கொடுத்தால் விளிம்பு மறைந்துவிடும். மேட் பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும். இந்தக் கப்பலில் பார்வை முதலில் விழுவதே அந்த எழுத்துகளின் மேல்தான்.

அஸ்டெக் விஷயத்தில்தான் பெரிய போட்டி. பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்க, வெட்டித் தயாராக வரும் வினைல் மாஸ்க் வாங்கி ஏர்பிரஷால் அடிப்பது ஒரு வழி, அஸ்டெக் டெக்கால் தாள்களை ஒட்டுவது இன்னொரு வழி. டெக்காலுக்கு ஏர்பிரஷ் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஆனால் தட்டின் வளைவில் பெரிய டெக்காலைப் படிய வைப்பது லேசான காரியம் இல்லை. ஒரு துண்டு சற்று விலகினால் அடுத்தடுத்த துண்டுகள் எல்லாம் விலகும். அதோடு அச்சிட்ட சாம்பல் எந்த வெளிச்சத்திலும் அதே சாம்பல்தான். முத்துப் பெயிண்டின் சிறப்பே கோணத்துக்குக் கோணம் மாறுவதில் இருக்கிறது. அதனால் ஏர்பிரஷ் வைத்திருப்பவருக்கு மாஸ்க். முத்துப் பெயிண்டை வெள்ளையின் மேலேயே அடியுங்கள்; கறுப்பின் மேல் அடித்தால் நிறம் கொழுந்துவிட்டு எரியும், அது பந்தயக் காருக்கு நன்றாக இருக்கும். எவ்வளவு அழுத்தமாக அடிப்பது என்பதற்கு எனக்கு ஒரே ஒரு சோதனைதான்: அறை விளக்கில் நேராகப் பார்க்கும்போது வடிவம் தெளிவாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. 305 மீட்டர் கப்பலில் ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும்.

இங்கேதான் 1982 சலுகை வருகிறது. முத்துப் பெயிண்ட் வேண்டாம், மாஸ்க் செலவும் வேண்டாம் என்பவர்கள் வெளிர் சாம்பலிலேயே இரண்டு மூன்று சாயல்களைக் கலந்து மங்கலான அஸ்டெக் போட்டு, செமி கிளாஸில் (அரைப் பளபளப்பில்) முடித்துவிடலாம். யாராவது மினுமினுப்பு எங்கே என்று கேட்டால், இது இரண்டாம் படத்துக் கப்பல் என்று சொல்லிவிடலாம், பொய்யும் ஆகாது.

பேனல் கோடுகளுக்கு வருவோம். ஃபால்கனில் டமியாவின் பேனல் லைன் அக்சென்ட், எண்ணெய் வண்ணம் இரண்டும்தான் போட்டியாளர்கள். முன்னது பாட்டிலைத் திறந்து தொட்டால் கோட்டில் தானே ஓடும். வேகம் வேண்டுமென்றால் அதுதான். ஆனால் அது எனாமல். பூசாத பிளாஸ்டிக்கில், அதுவும் அழுத்திப் பொருத்திய மூட்டுகளிலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகைப் பாகங்களிலும் அதன் தின்னர் தேங்கினால் விரிசல் விடும். பெயிண்ட் அடித்து கிளியர் கோட் கொடுத்த பிறகே எடுங்கள். எண்ணெய் வண்ணம் ஓவியக் கடையில் கிடைக்கும் சாதாரண டியூப்தான். பர்ன்ட் அம்பர் ஒன்றும் கறுப்பு ஒன்றும் இருந்தால் ஃபால்கன் முழுவதற்கும் போதும். முதலில் அட்டையில் பிதுக்கி வைத்து எண்ணெயை உறிஞ்ச விடுங்கள். அது மெதுவாக உலர்வதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே நிறை. காலையில் வைத்த கறையை மாலையில் வந்து இழுக்கலாம், மங்கலாக்கலாம், பிடிக்கவில்லை என்றால் துடைத்தே எடுக்கலாம். ஒரு எண்ணெய்த் தடம் எங்கே தொடங்குகிறது, எந்தக் குழாயிலிருந்து ஒழுகுகிறது என்று யோசித்து இழுக்க நேரம் கிடைக்கும். ஃபால்கனுக்கு எண்ணெய் வண்ணம்தான், சந்தேகமே இல்லை.

எண்டர்பிரைஸில் கறுப்பு வாஷ் ஓட்டினால் 305 மீட்டர் கப்பல் ஒரு நொடியில் 30 மீட்டராகிவிடும். கோடுகள் அவசியம் என்றால் மிக வெளிர் சாம்பல், இல்லாவிட்டால் கூர்மையான பென்சில். பென்சில் என்றதும் சிரிக்க வேண்டாம். தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த பதினோரடி மூல மாடலின் தட்டிலேயே கட்டக் கோடுகள் பென்சிலால் போட்டவைதான். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகம் அதைப் புதுப்பித்து 2016இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, தட்டின் மேற்பகுதியில் இருந்த அந்த 1960களின் பூச்சைத் தொடாமல் காப்பாற்றினார்கள்.

விளக்கு போடுவது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும்: எண்டர்பிரைஸுக்கு எல்இடி வைப்பதாக இருந்தால் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அடித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் வெள்ளை உடல் முழுவதும் மங்கலாக ஒளிர்ந்து, மற்ற உழைப்பெல்லாம் வீண். ஃபால்கனில் பின்பக்க எஞ்சின் நீலம் மட்டும் எரிந்தாலே போதும்.

சரி, யாருக்கு எது? பிரஷ்களும் ஒரு ஸ்ப்ரே கேனும் மட்டுமே கையில் இருந்தால் ஃபால்கன். தொடங்குவது எளிது, ஆனால் நிறுத்துவது கடினம் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எங்கும் ஒரே அளவில் துரு, எல்லாக் கோட்டிலும் ஒரே கறுப்பு என்று அழுக்கை அள்ளி அப்பிய ஃபால்கன்கள்தான் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை. எஞ்சினைச் சுற்றியும் வெப்பம் வெளியேறும் குழிகளின் அருகிலும் கூட்டுங்கள், மேல்தகடுகளில் பாதியையாவது ஏறக்குறைய சுத்தமாக விடுங்கள். ஏர்பிரஷ் இருக்கிறது, தேய்ப்பதில் சலிப்பும் இல்லை என்றால், முதல் விண்கலமே எண்டர்பிரைஸாக இருந்தாலும் நான் தடுக்கமாட்டேன். அதில் வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு கட்டமும் எப்போது முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். போலார் லைட்ஸ் 2005இல் கொண்டுவந்த 1/350 பெரிய கிட்டில் அஸ்டெக் கட்டங்கள் பெரிதாக இருப்பதால் மாஸ்க் ஒட்டுவது இன்னும் வசதி. நீளம் ஏறக்குறைய 87 செ.மீ. என்பதால், அலமாரியை அளந்து பார்த்து, வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.