இரட்டை பம்ப் கண்டன்சேட் ரிட்டர்ன் செட்: குதிரைத்திறனைப் பார்த்து வாங்காதீர்கள்

ஸ்டீம் ஆறித் தண்ணீரானால் அதுதான் கண்டன்சேட். அதைப் பாய்லருக்குத் திருப்பி அனுப்பும் பம்ப் செட் எல்லாமே பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு ரிசீவர் டேங்க், அதை ஒட்டி இரண்டு சென்ட்ரிஃபியூகல் பம்ப், ஒரு ஃப்ளோட் சுவிட்ச், ஒரு பேனல். நேம் பிளேட்டில் குதிரைத்திறன், மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) என்று பளிச்சென்று அடித்திருப்பார்கள். எத்தனை டிகிரி சூடான தண்ணீரை அந்தப் பம்ப் கொதிக்கவிடாமல் உள்ளே இழுக்கும் என்பதுதான் இந்த வேலைக்கு உயிரான எண். அது மட்டும் கேட்டலாகின் கடைசிப் பக்கத்து வளைகோட்டில் ஒளிந்திருக்கும்.

கணக்கு எளிது. வென்ட் (ஆவி வெளியேறும் குழாய்) திறந்த டேங்கில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸில் இருந்தால், அதன் ஆவியழுத்தத்தைவிட வெளிக்காற்றின் அழுத்தம் 0.31 பார் கூடுதல். மீட்டரில் சொன்னால் 3.3 மீட்டர் கையிருப்பு. 95 டிகிரியில் அது 1.8 மீட்டர், 98-ல் முக்கால் மீட்டர், 100-ல் ஒன்றுமே இல்லை. அப்போது மிஞ்சுவது டேங்க் தண்ணீர் மட்டத்துக்கும் பம்ப் வாய்க்கும் உள்ள உயரம் மட்டும். அதிலும் சக்ஷன் குழாயின் உராய்வைக் கழிக்க வேண்டும். (இவை கடல் மட்டத்துக்கான எண்கள். மலைப்பகுதியில் இன்னும் இறுக்கம்.) என்.பி.எஸ்.எச். தேவை (தண்ணீர் உள்ளே கொதிக்காமலிருக்கப் பம்ப் வாயில் வேண்டிய கையிருப்பு) 2 மீட்டர் உள்ள பம்ப் 90 டிகிரியில் சத்தமில்லாமல் ஓடும், 97-ல் உள்ளே சரளைக்கல் உருள்வது போல இரையும். குறை பம்பில் இல்லை, தேர்வில்தான்.

அதனால் தரையோடு பதிந்த டேங்க் கொண்ட சாதாரண செட், குறைந்த அழுத்த ஹீட்டிங் லைனுக்குச் சரி. கண்டன்சேட் நீளமான குழாயில் ஆறி 85, 90-க்கு வந்து சேரும். கண்டன்சேட் ஆறாமல் வந்து சேரும் பிராசஸ் ஸ்டீம் லைனுக்கு அதை வாங்குவது வீண். அங்கே டேங்கை ஸ்டாண்டில் உயர்த்திய மாடலோ, இம்பெல்லருக்கு (பம்புக்குள் சுழலும் சக்கரம்) முன்னால் இண்டியூசர் (தண்ணீரைச் சற்று அழுத்தி ஊட்டும் சிறு திருகு) வைத்த குறைந்த என்.பி.எஸ்.எச். பம்போ வேண்டும். விலை கூடும்தான், ஆனால் இம்பெல்லரும் சீலும் வாங்கிக்கொண்டே இருக்கும் செலவு நிற்கும்.

அளவு எடுப்பதில் ஒரு உதாரணம். மணிக்கு 1000 கிலோ ஸ்டீம் எடுக்கும் லைன். கண்டன்சேட்டும் 1000 கிலோதான். சூட்டில் அடர்த்தி குறைவதால் நிமிடத்துக்குச் சுமார் 17.4 லிட்டர். பம்ப் இதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 45 லிட்டர் தள்ள வேண்டும். காலையில் குளிர்ந்த லைனில் ஸ்டீம் விடும்போது வரத்து சாதாரண அளவைவிட இரட்டிப்பாகக்கூட வரும், அதற்குத்தான் இந்த இடைவெளி. ஐந்தாறு மடங்கு எடுத்தால் பாதுகாப்பு கூடாது, மோட்டார் அடிக்கடி ஆன்-ஆஃப் ஆவதுதான் மிச்சம்.

டேங்கின் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃப்ளோட்டின் ஆன், ஆஃப் மட்டங்களுக்கு நடுவில் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பம்ப் ஒரு நிமிடம் தள்ளும் அளவாவது அங்கே இருக்க வேண்டும்; நம் உதாரணத்தில் 45 லிட்டர். நிறைய 2.6 நிமிடம், காலியாக 1.6 நிமிடம், மணிக்கு 14 ஸ்டார்ட். வரத்து பம்ப் அளவில் சரிபாதியாக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் உச்சத்துக்குப் போகும்: 2 நிமிடம் நிறைந்து, 2 நிமிடம் ஓடி, மணிக்கு 15. மோட்டார் உற்பத்தியாளர் அனுமதிக்கும் எண்ணோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்டில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். 8 மீட்டர் ஏற்றம், உராய்வு 3 மீட்டர், ஆக 11. கொஞ்சம் சேர்த்து 13 போதும். டிஏரேட்டருக்கு (பாய்லர் தண்ணீரிலிருந்து காற்றை நீக்கும் டேங்க்) நேராகத் தள்ளினால் அதன் அழுத்தத்தையும் கூட்டுங்கள், 0.3 பாருக்கு 3 மீட்டர் சொச்சம். உராய்வை பம்ப் தள்ளும் 45 லிட்டருக்குப் பார்க்க வேண்டும், வரும் 17-க்கு அல்ல. ‘இருக்கட்டுமே’ என்று 20 மீட்டர் பம்பை வாங்கி மாட்டினால், எதிர்ப்பு குறைவாக இருப்பதால் அது வளைகோட்டின் வலது ஓரத்துக்கு ஓடிவிடும்: தண்ணீர் அதிகம் தள்ளும், மோட்டார் ஆம்பியர் ஏறும், என்.பி.எஸ்.எச். தேவையும் ஏறும். 90 டிகிரியிலேயே கேவிடேஷன் (பம்புக்குள் தண்ணீர் கொதித்துக் குமிழ் உடைவது, அந்தச் சரளைக்கல் இரைச்சல்) வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? டெலிவரியில் குளோப் வால்வும் பிரஷர் கேஜும் போட்டு, பம்ப் ஓடும்போது கேஜ் 1.9 பார் காட்டும் வரை வால்வை மூடுங்கள். சூடான தண்ணீரில் 20 மீட்டர் என்பது அதுதான். வால்வின் கைப்பிடியைக் கழற்றி வைப்பது நல்லது. யாராவது புண்ணியவான் முழுக்கத் திறந்துவிடுவார்.

வென்ட் விஷயத்தில் செட் தயாரிப்பவர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 5 பார் லைனிலிருந்து வரும் கண்டன்சேட்டில் 11 சதவீதம் டேங்கில் மறுபடி ஸ்டீமாகும். 1000 கிலோவுக்கு 112 கிலோ, அதாவது மணிக்கு 187 கன மீட்டர். 50 மில்லிமீட்டர் வென்ட்டில் அது நொடிக்கு 26 மீட்டர் வேகத்தில் பாயும். 80 மில்லிமீட்டரில் 10 மீட்டர்தான். வென்ட் நெருக்கமாக இருந்தால் டேங்கில் அழுத்தம் ஏறி, ஸ்டீம் டிராப்புகள் (ஸ்டீமை நிறுத்திக் கண்டன்சேட்டை மட்டும் விடும் வால்வுகள்) தண்ணீரை வெளியே தள்ளத் திணறும். புகை தெரிகிறதே என்று வென்ட்டில் வால்வு மாட்டுவது சுத்தமான தவறு: சாதாரண ரிசீவர் அழுத்தம் தாங்கும் பாத்திரம் அல்ல.

பாகங்களில் வார்ப்பிரும்பு டேங்க் மெல்லிய ஸ்டீல் டேங்கைவிட நெடுநாள் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு கரைந்து கண்டன்சேட் அமிலமாகி, குழாயின் அடிப்பக்கத்தைக் கோடு போட்டு அரிக்கும்; முதலில் போவது மரை வெட்டிய இடங்கள். மெக்கானிக்கல் சீலில் நைட்ரைல் ரப்பர் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், இந்தச் சூட்டில் விறைத்து வெடிக்கும். ஈ.பி.டி.எம். ரப்பர் தாங்கும், ஆனால் எண்ணெய் சூடாக்கும் காயிலில் கசிவு இருந்து கண்டன்சேட்டில் எண்ணெய் வந்தால் அது ஊதிவிடும். இரண்டு பம்பையும் மாறி மாறி ஓட்டும் ஆல்டர்னேட்டர், ஒன்று நின்றால் மேல் மட்டத்தில் மற்றதைக் கிளப்பும் வசதி, ஹை லெவல் அலாரம் இந்த மூன்றும் இல்லாத செட்டை இரட்டை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மின்சாரம் இல்லாமல் ஸ்டீம் அழுத்தத்தால் தள்ளும் பம்பும் உண்டு. அதில் சீல் இல்லை, கேவிடேஷன் இல்லை. 100 டிகிரி தண்ணீருக்கு அதுவே பொருத்தம். ஆயிரம் கிலோ தண்ணீருக்குச் சுமார் 3 கிலோ ஸ்டீம் சாப்பிடும். நிறைவதற்கு மேலே 300 மில்லிமீட்டர் அளவு உயரம் கேட்கும், அதற்குக் குழி வெட்ட வேண்டி வரலாம். தண்ணீரை வீச்சு வீச்சாக அனுப்புவதால் ரிட்டர்ன் லைனும் பெரிதாக வேண்டும். உள்ளே உள்ள ஸ்ப்ரிங்கும் இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வும்தான் அதன் பலவீனம்.

மின் செட்டுக்குப் பராமரிப்பு அதிகமில்லை, ஒழுங்காகச் செய்தால் போதும். வாரம் ஒரு முறை வென்ட்டைப் பாருங்கள். வழக்கத்தைவிடப் புகை அடர்த்தியாகி டேங்க் தெர்மாமீட்டரும் ஏறியிருந்தால், எங்கோ ஒரு ஸ்டீம் டிராப் திறந்தே நிற்கிறது. பம்பில் கை வைக்கும் முன் டிராப்பைத் தேடுங்கள். அதைச் சரிசெய்யாமல் சீல் மாற்றினால் புது சீலும் சீக்கிரமே போகும். நின்றிருக்கும் பம்பின் ஷாஃப்டையும் கவனியுங்கள். பக்கத்துப் பம்ப் ஓடும்போது அது பின்னோக்கிச் சுற்றினால் அதன் நான்-ரிட்டர்ன் வால்வு கசிய விடுகிறது, தள்ளிய தண்ணீரே திரும்பி டேங்குக்கு வருகிறது. மாதம் ஒரு முறை ஃப்ளோட்டைக் கையால் தூக்கி இரண்டு பம்பும் முறை மாறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்ட்ரெய்னர் (கசடு வடிகட்டி). புது குழாய் போட்டிருந்தால் முதல் வாரமே கழற்றுங்கள், வெல்டிங் கசடும் துருவும் கைநிறைய வரும். வருடம் ஒரு முறை டேங்கைத் திறந்து சேற்றை வழித்து, ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் ஓட்டை விழுந்தாயிற்று.

வாங்கும்போதே அலமாரியில் வைக்க வேண்டியவை: ஒவ்வொரு பம்புக்கும் ஒரு சீல் கிட், ஒரு ஃப்ளோட், ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, கேசிங் காஸ்கெட். முழு பம்ப் ஸ்பேர் வேண்டாம், பக்கத்தில் மாட்டியிருக்கும் இரண்டாவதே அதற்குத்தான்.