வில்லுப்பாட்டு நோட்டைக் கேட்டு வருகிறவரிடம் கவனமாக இருங்கள்

குமரி மாவட்டத்தில் பழைய ஏடோ கையெழுத்து நோட்டோ வைத்திருக்கும் வீட்டாருக்கு இது. பதிப்பித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், மூலத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்து இழந்திருக்கிறேன்.

என் அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். இரவிக்குட்டிப் பிள்ளை கதையைப் புலவர் பாடப் பாடக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மடிந்த, வேணாட்டு (பின்னாளில் திருவிதாங்கூர்) அரசின் படைத்தலைவனின் கதை அது. கோயில் கொடை விழா ஒவ்வொன்றுக்கும் அந்த நோட்டு அப்பாவுடன் போய்வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தக்கலைக்கு அருகேயுள்ள எங்கள் வீட்டுக்கு அவர் வந்தார். கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். நோட்டைத் தொடுமுன் கிணற்றடிக்குப் போய்க் கைகழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வந்தார். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டவில்லை. அப்பாவின் எழுத்தில் நான் திணறுகிற இடங்களையெல்லாம் தடையில்லாமல் படித்தார். அதைப் பார்த்துத்தான் நம்பினேன். "ஆறு மாதத்தில் புத்தகமாகக் கொண்டுவந்து தருகிறேன், அண்ணாச்சி" என்றார். நோட்டையும் அச்சுச் செலவுக்கு 15,000 ரூபாயையும் கொடுத்தேன். அவ்வளவு படித்தவரிடம் ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது.

புத்தகம் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. இதற்குள் அவர் யூடியூபில் அரசியல் பேசுகிறவராகிவிட்டார். போன மாதம் என் மகள் ஒரு வீடியோவைக் காட்டினாள். அப்பாவின் நோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து, படைத்தலைவனைக் காட்டிக்கொடுத்தது இன்ன சாதியார்தான் என்று பேசுகிறார். பக்கத்தின் அடியில் அவருடைய கட்டைவிரல் அழுத்தியிருக்கிறது. விரலுக்குக் கீழே மறைந்துபோன நான்கு வரிகள் எனக்கு மனப்பாடம். உடனிருந்த மந்திரிமாரே பொறாமையால் சதி செய்தார்கள் என்பதை அந்த வரிகள்தான் சொல்கின்றன.

படிக்கத் தெரியாதவர் செய்திருந்தால் பிழை என்று விட்டிருப்பேன். இவர் என் திண்ணையில் உட்கார்ந்து அந்த நான்கு வரிகளையும் வாய்விட்டுப் படித்தவர். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை இன்னும் மறக்காத மாவட்டம் இது. ஒரு சாதியை நோக்கி விரல் நீட்ட என் அப்பாவின் கையெழுத்தைச் சாட்சியாக்கியிருக்கிறார். பணம் போனதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், முதலில் போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நகலை மட்டும் கொடுங்கள். பழைய நூல்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப்பாருங்கள்.

நீல அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நோட்டு. கடைசிப் பக்கத்தில் "கொல்லம் 1120 ஆவணி" என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில் (1944) எழுதி, கீழே ஒரு சிறு வில் வரைந்திருக்கும். பழைய புத்தகக் கடையிலோ யார் கையிலோ கண்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.